அருணகிரியின் தமக்கை

அருணகிரிநாதர் வல்லாள மகாராஜா கோபுரத்தில் ஏறிக் கீழே குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான் என்பது எங்கள் திருவண்ணாமலையின் செவிவழிக் கதை. கோபுரத்திளையனார் சன்னதியைக் கடக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். இளமையைக் கெட்ட வழியில் கரைத்த தம்பிக்குக் கையிலிருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்த தமக்கையைப் பற்றி மட்டும் நான் யோசித்ததில்லை, என் அக்காவின் வீட்டுக்கு அந்தத் துயரம் வரும் வரையில்.

அவனுக்கு அப்போது பதினாறு வயது. ஒரு பௌர்ணமி இரவு, கிரிவலப் பாதையில், அவன் சட்டையிலிருந்து பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை அடித்தது. "மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். சொல்லவில்லை. செலவுக்கு ஐம்பது ரூபாயும் கொடுத்தேன். அதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டேன். விஷயம் வெளியே வந்தபோது அக்கா கோயிலில் கயிறு கட்டினாள். அத்தான் பெல்ட்டால் அடித்தார். இரண்டும் பலிக்கவில்லை.

ஆலோசனைக்குச் சென்றபோது அவனை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியில் காத்திருக்கலாம் என்றிருந்தோம். எல்லோரையும் அழைத்தார்கள். இது புதிய வழியல்ல. பக்கத்து வேலூரில், 1957இல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியுடன் உறவினரும் தங்குவதே முறை. 1979இல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மறு ஆண்டு சென்னையில் அவர் பெயரால் தொடங்கிய அமைப்பின் மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் தனியே சிகிச்சை உண்டு. 1970களில் மியாமியின் கியூபக் குடும்பங்களிடையே ஹோசே சபோச்னிக் உருவாக்கிய முறையின் அடிப்படையும் இதுவே: பிள்ளை மாற வேண்டுமானால், வீட்டில் ஒருவரோடு ஒருவர் பழகும் விதம் மாற வேண்டும்.

"முதலில் யாருக்குத் தெரிந்தது?" என்று கேட்டார் ஆலோசகர் அம்மையார். நெடுநேர மௌனத்துக்குப் பின் நான் ஒப்புக்கொண்டேன். அக்கா கோபிப்பாள் என்று நினைத்தேன். "அதுக்கும் முன்னாடியே அவன் பையில நான் பார்த்துட்டேன்டா. உங்க அத்தானுக்குப் பயந்து மறைச்சேன்" என்றாள். அதுவரை தரையையே பார்த்திருந்த பையன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

எங்களுக்குச் சொல்லப்பட்டவை எளியவை: இரவில் சேர்ந்து உண்பது, பெற்றோர் இருவருக்கும் தெரியாமல் பணம் தராதிருப்பது, தவறினால் அடிக்காமல் அழைத்துவருவது. அவன் இருமுறை தவறினான். இரண்டு முறையும் அவனே வந்து, அத்தானிடமே சொன்னான். மீண்டுவிட்டான் என்று எழுத எனக்குத் துணிவில்லை. மறைக்கவில்லை என்று எழுதலாம்.

சென்ற வாரம் அக்காவுடன் கோயிலுக்குப் போயிருந்தேன். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "அந்தப் பொம்பள என்னடா ஆனா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.