கார்னெட்டின் இரண்டு கற்கள்

ஜப்பானில் 1994-இல் ஒளிபரப்பான 'செய்லர் மூன் எஸ்' தொடரில் ஹருகா, மிச்சிரு என்று இரண்டு பெண்கள் வருவார்கள். கிராப்பு வெட்டி, கோட்டு சூட்டுடன் கார் ஓட்டுபவள் ஹருகா. வயலின் வாசிப்பவள் மிச்சிரு. இருவரும் காதலர்கள். அந்தத் தொடர் 2000-இல் ஆங்கிலம் பேசிக்கொண்டு அமெரிக்கா வந்தபோது, அவர்கள் ஒன்றுவிட்ட அக்கா தங்கை ஆகியிருந்தார்கள். அதற்கு முன்பே, 1995-இல் வந்த முதல் டப்பிங்கில், இன்னொரு ஆணை நேசித்த ஸோய்சைட் என்ற வில்லனுக்குப் பெண் குரல் கொடுத்துப் பெண்ணாகவே ஆக்கிவிட்டார்கள். ஒரு காதலை இல்லாமல் செய்ய டப்பிங் அறை ஒன்று போதும் என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

அமெரிக்கக் கார்ட்டூன்களில் வேறொரு வழக்கம் இருந்தது. ஒரு பாத்திரம் பால்புதுமையர் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நடை, குரல், கண்மை, மணிக்கட்டின் வளைவு ஆகியவற்றில் ஒளித்து வைப்பார்கள். இதைத்தான் 'குயர் கோடிங்' என்கிறார்கள். 1989-இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் வில்லி அர்சுலாவை டிவைன் என்ற டிராக் கலைஞரின் சாயலில் வரைந்தார்கள். அர்சுலாவின் கம்பீரத்தை நான் மிகவும் ரசிப்பவள். ஆனால் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிக்கப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். குழந்தைக்குத் தெரிவதெல்லாம், இப்படிக் கையசைப்பவர்கள், இப்படிப் பேசுபவர்கள் கெட்டவர்கள் என்பதுதான். அதே பாவனையில் கையசைக்கும் ஒரு பையன் அந்தக் குழந்தையின் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இந்த இரண்டையும் நன்றாகக் கவனித்து வளர்ந்தவர் ரெபெக்கா ஷுகர் என்றே நினைக்கிறேன். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2013-இல் அவர் தொடங்கிய 'ஸ்டீவன் யுனிவர்ஸ்' தொடரில், உடலில் ரத்தினக் கல் பதிந்த கார்னெட், பேர்ல், அமெதிஸ்ட் என்ற வேற்றுக்கிரகப் போராளிகள் ஸ்டீவன் என்ற சிறுவனை வளர்க்கிறார்கள். என் அக்கா மகளோடு அதை வரிசையாகப் பார்த்தேன். பாதித் தொடர்கூட முடியவில்லை, "சித்தி, பேர்லுக்கு நெத்தியில ஒரு கல்லு, அமெதிஸ்டுக்கு நெஞ்சுல ஒண்ணு, ஸ்டீவனுக்குத் தொப்புள்ல ஒண்ணு. கார்னெட்டுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுடைய சந்தோஷத்தைப் பறித்தவளாகியிருப்பேன்.

பதில் 2015-இல் வந்த 'ஜெயில் பிரேக்' அத்தியாயத்தில் இருக்கிறது. எதிரிகளின் விண்கலச் சிறையில் ரூபி என்பவள் ஓர் அறையிலும் சஃபையர் என்பவள் வேறோர் அறையிலும் அடைபட்டிருக்கிறார்கள். குட்டையான, தவித்துப்போன இரண்டு பேர். வெளியே வந்ததும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடுகிறார்கள், ரூபி சஃபையரைத் தூக்கிச் சுற்றுகிறாள், வெளிச்சம் பரவுகிறது, அங்கே நெடுநெடுவென்று கார்னெட் நிற்கிறாள். அதுவரை நாம் ஒருத்தி என்று நினைத்திருந்தவள், ஒன்றாகவே இருக்க விரும்பிய இருவர். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒருவருடைய கல்.

இங்கேயும் ஒளித்துத்தான் வைத்தார்கள். ஆனால் ஒரு சிறுமி எண்ணிப் பார்த்துக் கேட்கும்படி, முதல் அத்தியாயத்திலிருந்தே திரையில் வைத்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், கார்னெட்டின் காதலை வெட்ட வேண்டுமானால் கார்னெட்டையே வெட்ட வேண்டும். காதல் அவளுடைய வசனத்தில் இல்லை, அவளே அந்தக் காதல். கார்ட்டூன் வரலாற்றில் இதற்கு இணையான பாத்திர வார்ப்பை நான் பார்த்ததில்லை.

ஸ்டீவனும் அவன் தோழி கானியும் கடற்கரையில் ஆடும்போது இணைந்து உருவாகும் ஸ்டீவானியும் இதே தொடரில்தான் வருகிறார். ஆணா பெண்ணா என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. வழியில் பார்க்கிறவர்கள் அந்த அழகில் மயங்கி நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஷுகர் 2016-இல் தன்னை இருபாலீர்ப்பு கொண்டவர் என்றும், 2018-இல் ஆண் பெண் என்ற இருமைக்குள் அடங்காதவர் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். ஸ்டீவானியை வரைந்த கை எதை அறிந்து வரைந்தது என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

வெட்டியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பிரிட்டனில் இந்தத் தொடரின் ரோஸ் என்ற பாத்திரமும் பேர்லும் நெருங்கி ஆடும் காட்சியைக் குறைத்தார்கள். சில நாடுகளின் டப்பிங்கில் ரூபிக்கு ஆண் குரல் கொடுத்தார்கள். ஸோய்சைட்டுக்குச் செய்ததையே திருப்பிப் போட்டார்கள்.

2018 ஜூலையில் ரூபிக்கும் சஃபையருக்கும் கல்யாணம். எப்போதும் பேண்ட் போட்டுத் திரிந்த ரூபி, தரை புரளும் வெள்ளைக் கவுனில் வருகிறாள். எப்போதும் நீளப் பாவாடையில் இருந்த சஃபையர் கோட்டு சூட்டில் நிற்கிறாள். இனி எந்தக் குரலைக் கொடுத்து யாரை ஆணாக்குவது? ஸ்டீவன் முன்னின்று கல்யாணத்தை நடத்தி வைக்கிறான். இருவரும் முத்தமிட்டுக் கார்னெட்டாகிறார்கள். கொண்டாட்டம் ஓய்வதற்குள் எதிரிகள் வந்து இறங்குகிறார்கள். கார்னெட் கல்யாண உடுப்போடே சண்டைக்குப் போகிறாள்.