பழைய ராணுவ லாரியும் பாஸ்கல் விதியும்



எண்ணூர்ப் பகுதியில் வாழும் நமக்குக் கனரக வண்டிகள் புதியவை அல்ல. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தோன்றிய அசோக் லேலண்ட் நிறுவனம் இங்கேதான் வளர்ந்தது. ராணுவத்தின் ‘ஸ்டாலியன்’ லாரி அந்நிறுவனத்தினுடையதே. அதற்கு முன்னர், ஜெர்மானிய மான் நிறுவனத்தின் உரிமம் பெற்று 1959 முதல் ஜபல்பூரில் உருவான ‘சக்திமான்’ லாரிகள் நெடுங்காலம் உழைத்தன. பணி முடிந்த ராணுவ வண்டிகள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. வாங்குவோர் சிலர் அவற்றில் டிப்பர் தொட்டி பொருத்திக் கல்லும் மணலும் ஏற்றுவர்.

முகத்துவாரக்குப்பத்துச் சகோதரர் இருவர் கடன்பட்டு அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினர். வெறுந்தொட்டி மெல்ல உயர்ந்தது. கருங்கல் ஏற்றினாலோ அசையவில்லை. பம்ப் ஊளையிட்டது. “பம்ப் போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்” என்றார் ஒரு மெக்கானிக். ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்லும்படி, “சாமி, நீங்கதான் பார்க்கணும்” என்று என்னிடம் வந்தனர்.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் பாஸ்கலைச் சிந்தனையாளராகவே அறிந்திருந்தேன். அக்கையேட்டில் அவர் வேறு கோலத்தில் நின்றார். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் அவர் கண்ட விதி. 10 செ.மீ. விட்டமுள்ள ஜாக்கியின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 100 கிலோ அழுத்தம் விழுந்தால், அது 7,800 கிலோ எடையைத் தூக்கும். ஆகவே, எடை உயரவில்லையெனில் அழுத்தம் எங்கோ கசிகிறது, அல்லது உருவாகவே இல்லை.

எங்கே என்று கண்டறிய, தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார். அவர் பம்பைத் தொடவேயில்லை. முதலில் தொட்டியை இறக்கிவைத்து எண்ணெயின் அளவைப் பார்த்தார்; உயர்த்திய நிலையில் எண்ணெய் ஜாக்கிக்குள் சென்றுவிடுவதால் அளவு பிழையாகத் தெரியும். அடுத்து நிறம்: பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது, நுரைத்திருந்தால் உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது. மூன்றாவதாக வடிகட்டியைக் கழற்றினார். பழைய ஹோஸ் பைப்பின் உட்புறம் உரிந்து, ரப்பர்த் துகள்கள் அதை அடைத்திருந்தன. ரிலீஃப் வால்விலும் ஒரு துகள் சிக்கி, அது முழுவதும் மூடாதபடி தடுத்திருந்தது. நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டிகளில் ரப்பர் இவ்வாறு உலர்ந்து உதிர்வதுண்டு. குழாயை மாற்றி, எல்லாவற்றையும் கழுவி, புது எண்ணெய் ஊற்றியதும் கல்லோடு தொட்டி எழுந்தது. பம்ப் நலமாகவே இருந்தது.

இதனினும் பெரிய பாடம் ஒன்றுண்டு. சோதனையின்போது, உயர்த்திய வெறுந்தொட்டியின் அடியில் இளையவன் தலையை நுழைத்தான். “வெளியே வாடா தம்பி!” என்று பெரியவர் அதட்டினார். உறுதியான தாங்குகட்டை நிறுத்திய பின்னரே அருகில் செல்லவிட்டார். கட்டைக்கும் தொட்டிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அரைமணி நேரத்தில் தொட்டி தானாக இறங்கிக் கட்டையின்மேல் அமர்ந்தது. ஜாக்கியின் சீல் தேய்ந்திருந்தது. உப்புக்காற்றில் தண்டு துருப்பிடித்துச் சொரசொரப்பானால் சீல் விரைவில் கிழியும்.

கசிவைக் கையால் தடவித் தேடுவதும் ஆபத்தே. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தேடுவதற்கு அட்டைத் துண்டு போதும்.

வடித்த எண்ணெயை ஆற்றில் கொட்டாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படர்ந்து, படகுகளையும் வலைகளையும் பாழாக்கியதை நாம் மறக்கவில்லை.

பழைய வண்டி வாங்கும் இளைஞர்களே, எளியதை முதலில் சோதியுங்கள். விலையுயர்ந்ததைக் கடைசியில் சந்தேகியுங்கள். தாங்குகட்டை இல்லாமல் மட்டும் தொட்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். உங்களை எதிர்பார்த்து வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது.