வராத எழுவர்

அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற வருவோர் கத்தி பிடிக்கக் கற்கிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே. அவர்கள் பேனா பிடிக்கவும் கற்றாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மூன்றாண்டுப் படிப்பில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதி, இறுதித் தேர்வுக்கு ஆறு மாதங்கள் முன்னதாக ஒப்படைக்க வேண்டும். அது ஏற்கப்பட்ட பின்னரே தேர்வு.

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரே அறுவைப் பிரிவில் பயின்றோம் நாங்கள் மூவர். ஒருவருக்குக் குடலிறக்கம், ஒருவருக்குப் பித்தப்பைக் கற்கள், மற்றவருக்கு அவசர வயிற்று அறுவைக்குப் பின் காயத்தில் உண்டாகும் தொற்று எனத் தலைப்புகள் அமைந்தன. பெயரளவில் தனித்தனி ஆய்வேடுகள், உழைப்போ பொதுவானது. இரவுப் பணி முடித்துக் கண்கள் எரிய எரிய ஒருவர் நோயாளியின் விவரங்களை வாசிக்க, மற்றவர் படிவத்தில் குறிப்போம்.

நெறிமுறைக் குழுவின் இசைவு பெற்ற பின்னரே முதல் நோயாளியைச் சேர்த்தோம். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெற வேண்டும். ஆய்வின் நோக்கத்தை விளக்கத் தொடங்கும் முன்பே, "எங்கே கைநாட்டு வைக்கணும், சொல்லுங்க டாக்டர்" என்று விரலை நீட்டியவர்கள் பலர். அந்த நம்பிக்கை எத்துணைப் பாரமானது என்பதை அன்று நாங்கள் உணரவில்லை. விரைவில் படிவம் நிறைகிறதே என்று மகிழ்ந்தோம்.

அறுவை நடந்து 30 நாட்களுக்குள் காயத்தில் தோன்றும் தொற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வரையறை. நோயாளியோ ஒரு வாரம், பத்து நாளில் வீடு திரும்பிவிடுவார். முப்பதாம் நாள் வருமாறு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவோம். எங்கள் 60 பேரில் 7 பேர் வரவில்லை.

ஒப்படைக்க ஒரு மாதமே இருந்தது. "கோளாறு இருந்தால் வந்திருப்பார்கள். வரவில்லை என்றால் நலமாக இருக்கிறார்கள் என்றுதானே பொருள்?" என்றார் எங்களில் ஒருவர். மற்ற இருவரும் மறுக்கவில்லை. ஏழு கட்டங்களிலும் பென்சிலால் 'தொற்று இல்லை' என்று எழுதினோம். பேனாவால் எழுத ஏனோ கை வரவில்லை.

வழிகாட்டியான பேராசிரியர் தாள்களைப் புரட்டி வந்தவர், பென்சில் எழுத்தைக் கண்டு நிறுத்தினார். "இவர்களை யார் போய்ப் பார்த்தது?" என்று கேட்டார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, லிஸ்டரைப் பற்றிப் பேசினார். ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் காத்த தம் புதிய முறையை 1867-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டபோது, எலும்பு முறிந்து தோலும் கிழிந்த 11 பேரின் வரலாற்றை எழுதினார். அவர்களுள் ஒருவர் உறுப்பை இழந்தார், ஒருவர் இறந்தார். அவ்விருவரையும் லிஸ்டர் மறைக்கவில்லை. "அவருக்கு வெற்றி தேவைப்பட்ட அளவு உங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆயினும் அவர் எழுதினார்" என்று சொல்லித் தாள்களைத் திருப்பித் தந்தார்.

தொலைபேசி எண்கள் சில பயன்படவில்லை. சில அண்டை வீட்டாருடையவை. அடுத்த ஞாயிறன்று இரண்டு பேருந்துகள் மாறி ஒரு சிற்றூருக்குச் சென்றோம். குடல்வால் வெடித்து வந்த கூலித் தொழிலாளி அவர். எங்களைக் கண்டதும் சட்டையை உயர்த்திக் காட்டினார். தையல் போட்ட கோடு விரலகலத்துக்கு விரிந்த தழும்பாகியிருந்தது. வீடு திரும்பிய மூன்றாம் நாளே சீழ் வடிந்ததாம். அருகிலிருந்த கம்பவுண்டர் ஒருவரிடம் மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டாராம்.

"ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?" என்றோம்.

அவர் மனைவி பதில் சொன்னார்: "அவருக்கோ வேலை இல்லை. கூட வந்தால் என் கூலியும் போயிடும் தம்பி. அப்புறம் பஸ்ஸுக்குக் காசு? உங்களையும் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டோம்."

அந்த வயிற்றைத் தைத்தவை எங்கள் கைகள். எங்கள் தாளில் அவருக்குத் தொற்று இல்லை!

அந்த மாதத்தில் எழுவரில் நால்வரைக் கண்டுபிடித்தோம். அவர்கள் கூறியவற்றை, நேரில் கண்டதன்று, நோயாளி கூறியது எனத் தனியே குறித்தோம். மூவர் கடைசி வரை அகப்படவில்லை. அவர்களை 'தொடர்பு அறுந்தோர்' எனப் பேனாவால் எழுதினோம். எங்கள் பிரிவின் முடிவு முன்பு இருந்ததைவிடச் சற்று மோசமாகவே தெரிந்தது. பேராசிரியர் அதைப் படித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

இன்று நாங்கள் வெவ்வேறு ஊர்களில் பணி செய்கிறோம். அறுவைக்குப்பின் வராத ஒருவரை நலமானவர் என்று எண்ணும் துணிவு மூவருக்குமே இல்லை. வாசக அன்பர்களே, மருத்துவமனையில் ஆய்வுக்கென உங்களிடம் கையொப்பம் கேட்டால், படித்துக் காட்டச் சொல்லுங்கள். விருப்பமில்லையெனில் மறுக்கலாம்; அதனால் சிகிச்சை குறையலாகாது. ஒப்புக்கொண்டால், உடல் தேறியிருந்தாலும் குறித்த நாளில் செல்லுங்கள். தேறவில்லையென்றால் கட்டாயம் செல்லுங்கள். யாரையும் நீங்கள் தொந்தரவு செய்வதாகாது.