சில்லுக்கழற்றி

விழா மலருக்குக் கல்லூரி நினைவு ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். தமிழாசிரியராகிய யாம் பண்டிதர் ஒருவரையோ நாவன்மைப் போட்டி ஒன்றையோ நினைவுகூர்வோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். எம் நினைவுக்கு வந்ததோ அரை அங்குலத் தடிப்புள்ள ஓர் இரும்புத் தகடு.

1993ஆம் ஆண்டில் யாம் ஒன்பதாம் வகுப்பில் பயின்றோம். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த அக்காலத்திற் குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளமேறிக் கடந்தமை பழைய மாணவர் பலர் அறிந்ததே. எம் தாய்மாமனிடம் ஒரு வள்ளமும் பழைய வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றும் இருந்தன. உப்பீரம் பட்டு அதன் தீப்பொறி அடிக்கடி அற்றுப்போகும். பொறியை உண்டாக்கும் முனைகள் பறப்புச்சில்லின் அடியில் உள்ளன. சில்லோ கூம்பிய தண்டினை இறுகப் பற்றியிருப்பது. அதனைக் கழற்றும் கருவி கடைகளில் இல்லை. பொருளாதாரத் தடை நிலவிய காலம்.

மாமா தேநீர் அருந்தச் சென்றிருந்த வேளை, யாம் சுத்தியலை எடுத்துத் தண்டின் தலையில் ஓங்கி அடித்தோம். சில்லு அசையவில்லை, தண்டின் மரைதான் நசுங்கியது. அன்றிரவு வள்ளம் போகவில்லை. அக்கரை செல்ல வந்த மூதாட்டி ஒருவர் மூட்டையை மடியில் வைத்தபடி விடியும்வரை மணலில் இருந்தார். மாமா எம்மை ஏசவில்லை. முப்பட்டை அரத்தால் மரையைச் சீர்செய்துகொண்டே, “தம்பி, அடிச்சுக் கழட்டேலாது, இழுத்துத்தான் கழட்டவேணும்” என்றார்.

பழைய லொறி ஒன்றின் தகட்டை எடுத்தோம். மின்சாரம் இல்லை, கைத்துறப்பணமே துணை. தேங்காயெண்ணெய் விட்டு, ஒருவர் அழுத்த ஒருவர் சுற்ற, துளையொன்றுக்கு அரைநாள் சென்றது. சில்லில் உள்ள மூன்று மரைத்துளைகளின்மேற் கடதாசியை வைத்துக் கரிதேய்த்து அச்செடுத்தோம். கடதாசி சறுக்கியதை இருவரும் கவனித்திலேம். மூன்று துளைகளும் இட்டபின் இரண்டு மரையாணிகளே இறங்கின. மாமா தகட்டைக் கீழே போட்டுவிட்டுக் கடலைப் பார்த்திருந்தார்.

அப்பொழுதே கணித ஆசிரியர் கரும்பலகையிற் காட்டியது நினைவில் எழுந்தது: வட்டத்தின் ஆரையை அவ்வட்டத்தின்மேல் வைத்துச் சென்றால் ஆறு முறையிற் சுற்று முடியும். நடுத்துளை இன்னும் இடப்படாதது நல்லதாயிற்று. புத்தகப் பையிலிருந்து கவராயத்தை எடுத்து வட்டம் கீறி, பழைய துளைகளுக்கு விலகி ஆறு புள்ளிகள் இட்டு, ஒன்றுவிட்டொன்றாக மூன்றைத் தெரிந்தோம். “உதைப் பள்ளிக்கூடத்திலையோ படிச்சனி?” என்றார் மாமா. வேறொன்றும் சொல்லவில்லை.

நடுத்துளையில் மரைவெட்டக் கருவியில்லை. ஆகவே தகட்டின் அடியில் ஒரு சுரையைச் சாவியாற் பிடித்து, அதனூடே பெரிய மரையாணியை முறுக்கினோம். ஆணிமுனை தண்டை அழுத்த, சுரை தகட்டைத் தூக்க, தகடு சில்லை இழுத்தது. இறுகியபின் ஆணித்தலையில் மெல்லிய ஓரடி. ‘டக்’கென்று சில்லு விடுபட்டது. மறுநாளிரவு வள்ளம் புறப்பட்டது. மூதாட்டியார் அதற்கு முன்னரே வேறொரு வள்ளத்திற் போய்விட்டார்.

மாமா இன்று இல்லை. தகடு எம்மிடம் உண்டு. சென்ற ஆண்டு கடற்றொழிலாளர் ஒருவர் அதனை இரவல் கேட்டு வந்து, சுற்றிவர ஆறு துளைகள் எதற்கென வினவினார். மூன்று எங்களுடையவை, மூன்று கணித வாத்தியாருடையவை என்றோம். அவருடைய சில்லுக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. கவராயம் எடுத்துவர உள்ளே சென்றோம்.