முக்கொம்பில் ஒரு பரீக்ஷை

திருச்சிராப்பள்ளிக்குப் போகிறவர்கள் மூச்சிரைக்க மலைக்கோட்டை ஏறி உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கிறார்கள். ஸ்ரீரங்கத்துக்குப் போய் அரங்கனைச் சேவிக்கிறார்கள். பொழுது மிச்சமிருந்தால் கல்லணை வரையில் சென்று, கரிகாலனை ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டு ரயிலேறுகிறார்கள். முக்கொம்பு என்ற பேரை எடுத்தால் மட்டும், "அங்கே என்ன இருக்கிறது? ஒரு பூங்கா, நாலு ஊஞ்சல், வறுத்த மீன்!" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஸ்ரீரங்கம் ஒரு தீவாக இருப்பதற்கு ஆதி காரணமே இந்த இடந்தான் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை போலும்!

திருச்சியிலிருந்து கரூர்ச் சாலையில் மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் போக வேண்டும். கூடவே காவேரியும் வருகிறாள். ஈரோட்டு ரயில் பாதையும் வருகிறது. எங்கே திரும்பினாலும் வாழை. முத்தரசநல்லூர், ஜீயபுரம் எல்லாம் தாண்டிப் போனால், மேற்கேயிருந்து அகன்று பரந்து வரும் காவேரி இரண்டாகப் பிரியும் இடம் வந்துவிடுகிறது. தென்புறக் கிளை காவேரி என்ற பெயரையே வைத்துக்கொள்கிறது. வடபுறக் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். வருகிற ஆறு ஒன்று, போகிற ஆறு இரண்டு. ஆக மூன்று கொம்புகள்.

பிரிந்த இரண்டில் கொள்ளிடந்தான் பொல்லாதது. அதன் படுகை தாழ்வு, ஓட்டம் வேகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவேரியின் வாயில் மணல் மேடிட்டு, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சை ஜில்லாவின் வயல்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் வந்து, கொள்ளிடத்தின் வாயில் 1836-ஆம் ஆண்டு மேலணையைக் கட்டினார். மணலிலே அஸ்திவாரம் போட்டு அணை நிறுத்தும் வித்தையை அவர் கற்றுக்கொண்டது கல்லணையைப் பார்த்துத்தான். நம்முடைய முன்னோர்கள் பள்ளிக்கூடம் வைத்து நடத்தாவிட்டாலும், பார்க்கத் தெரிந்தவனுக்குக் கல்லே பாடம் சொல்லும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

ஆற்றின் கோபம் அதோடு தணிந்துவிடவில்லை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, வெள்ளத்தின் வேகத்தில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. பிறகு அங்கே புதிய கதவணை கட்டினார்கள்.

மதகு என்று நான் எழுதுகிறேன். அந்தப் பக்கத்து ஜனங்களோ, "ஷட்டர்" என்றுதான் சொல்கிறார்கள். "ஷட்டரைத் தூக்கிட்டாங்களா?" என்பதுதான் அங்கே க்ஷேம சமாசாரம் விசாரிக்கும் முறை. காமிராவின் உள்ளே இருந்துகொண்டு கண் இமைப்பதுபோல் திறந்து மூடும் கதவுக்கும் ஷட்டர் என்றுதானே பெயர்? ஒன்று தண்ணீரை அளந்து விடுகிறது. மற்றொன்று வெளிச்சத்தை அளந்து விடுகிறது. அதிகம் விட்டாலும் ஆபத்து. குறைத்து விட்டாலும் ஆபத்து.

இந்தச் சிலேடை என்னுடைய சொந்தச் சரக்கு அல்ல. என் சகோதரியின் பெண் சொன்னது. அவளோடுதான் நான் முக்கொம்புக்குப் போயிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த பெண். பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியிருக்கிறாள். "பாங்கிப் பரீக்ஷை எழுது" என்கிறாள் தாயார். "புனாவில் இருக்கும் சினிமாக் கலாசாலையில் ஒளிப்பதிவு படிக்கப் போகிறேன்" என்கிறாள் பெண். வீட்டில் மூன்று மாதமாக யுத்தம். "உன்னிடந்தான் அவளுக்கு மரியாதை, நயமாக எடுத்துச் சொல்லி மனசைத் திருப்பு" என்று சகோதரி என்னிடம் ஒப்படைத்தாள். குடும்பத்தில் இருந்த சேமிப்பு ஒன்றே ஒன்று. அதைப் படிப்புக்குச் செலவழித்தால் கல்யாணத்துக்கு இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"சினிமாவைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் எதற்கு? உங்கள் ஊர் சாமிக்கண்ணு வின்ஸெண்ட் எந்தக் கலாசாலையில் படித்தார்?" என்று நான் ஆரம்பித்தேன். நியாயமான கேள்விதான். வின்ஸெண்ட் திருச்சி ரயில்வேயில் படம் வரையும் உத்தியோகத்தில் இருந்தவர். 1905-ஆம் ஆண்டு, ஊர் ஊராய்ச் சலனப்படம் காட்டி வந்த துபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சியில் நோய்வாய்ப்பட்டபோது, அவருடைய யந்திரத்தையும் படச் சுருள்களையும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கி, வேலையை உதறிவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையையும் கட்டினார். அவர் படித்த பாடமெல்லாம் அந்தப் பிரெஞ்சுக்காரரிடம் யந்திரத்தைச் சுற்றக் கற்றுக்கொண்டதுதான்.

மருமகள் சளைக்கவில்லை. "மாமா, தமிழ்நாட்டின் முதல் மௌனப் படமான 'கீசக வத'த்தை எடுத்த நடராஜ முதலியார், காமிரா வித்தையை எங்கே போய்க் கற்றுக்கொண்டார் தெரியுமா? புனாவுக்குப் போய், ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம்! அப்போதே புனாவுக்குத்தான் போக வேண்டியிருந்தது" என்றாள். "உங்கள் பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'யை எடுத்த எல்லிஸ் டங்கன் யார்? அமெரிக்காவில், தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமா படித்தவர்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். டங்கனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. 1935-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1936-இல் 'சதி லீலாவதி'யையும், 1937-இல் எங்கள் திருச்சித் தியாகராஜ பாகவதரை வைத்து 'அம்பிகாபதி'யையும் எடுத்தார். நாடகத்தை அப்படியே படம் பிடித்துக்கொண்டிருந்த தமிழ் சினிமாவில், காமிராவை இடம் பெயர்த்து வைக்கலாம் என்று காட்டியவர்களில் அவர் ஒருவர். பாஷை தெரியாதவர் செய்தது அது. 'சதி லீலாவதி'யில் சின்ன வேஷத்தில் முதல் முதலாகத் தலை காட்டிய எம்.ஜி.ஆரின் பெயரைத்தான் இப்போது சென்னைத் தரமணியில் உள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் தாங்கி நிற்கிறது. அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட் என்று ஒரு காலத்தில் வழங்கியது அதுதான். பி.ஸி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். 1986-இல் 'ஊமை விழிகள்' என்ற படத்தை எடுத்துத் தமிழ்நாட்டை ஓர் உலுக்கு உலுக்கிய இளைஞர்களும் அங்கே படித்தவர்களே.

"அப்படியானால் சென்னையிலேயே படியேன்" என்றேன். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் நாலு வருஷம் படிக்கிற படிப்பு. பட்டம் வாங்கினவர்களுக்குப் புனாவில் மூன்று வருஷம் என்று விளக்கினாள்.

புனாக் கலாசாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'சந்த் துக்காராம்' முதலிய படங்களை எடுத்துப் புகழடைந்த பிரபாத் கம்பெனியின் ஸ்டூடியோ இருந்ததே, அந்த இடத்தை இந்திய சர்க்கார் வாங்கி, 1960-இல் அதைத் தொடங்கினார்கள். அங்கே ஒரு மாமரம் உண்டு. ஞான மரம் என்று மாணவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். வங்காளத்து ரித்விக் கட்டக் சிறிது காலம் அங்கே ஆசிரியராக இருந்து, மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் முதலியவர்களுக்குப் பாடம் சொன்னார். கேரளத்து அடூர் கோபாலகிருஷ்ணனும் அங்கே படித்தவரே. ஒரு பிரிவுக்குப் பத்துப் பேர், பன்னிரண்டு பேர்தான் சேர்க்கப்படுகிறார்கள். முதலில் எழுத்துப் பரீக்ஷை. அதில் தேறினவர்களுக்கு நேரில் இன்னொரு சோதனை. தேசம் முழுவதிலிருந்தும் போட்டி.

என் சகோதரியின் பயங்களுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷப் படிப்பு ஐந்து வருஷமாக நீண்ட காலம் அங்கே உண்டு. 2015-இல், தலைவர் நியமனத்தை எதிர்த்து மாணவர்கள் 139 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். படித்து முடித்தால் உத்தியோகம் என்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. இதையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னேன். "அந்த வேலை நிறுத்தத்தில் நின்ற பாயல் கபாடியா என்ற பெண்தான் 2024-இல் கான் பட விழாவில் கிராண்ட் பிரி பரிசு வாங்கினாள்" என்று பதில் வந்தது. பெண்ணுக்குக் காமிரா எதற்கு என்று பாட்டி கேட்டதற்கும் பதில் தயாராக இருந்தது. 1985-இல் வெளிவந்த 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பி.ஆர். விஜயலக்ஷ்மியின் பெயரைச் சொன்னாளாம். பாட்டி அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். காமிரா பிடித்தது பெண் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது!

பேசிக்கொண்டே காவேரியின் மேலுள்ள பாலத்தைக் கடந்து பூங்காவுக்கு வந்திருந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தென்புறம் காவேரி நுங்கும் நுரையுமாய்ப் போகிறது. வடபுறம் கொள்ளிடமோ வெறும் மணல். கண்ணுக்கெட்டிய தூரம் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியைத் தண்ணீரின் பக்கமே நீட்டினார்கள். மருமகள் மட்டும் மணலின் பக்கம் திரும்பி நின்றாள்.

அந்த மணலைப் பார்த்தபோது எனக்கு வேறொரு நதிக்கரை நினைவுக்கு வந்தது. மட்டக்களப்புக்கு அருகே அமிர்தகழியில் பிறந்த பையன் ஒருவன், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சுற்றுலாப் போனபோது, இலங்கையில் களனி நதிக்கரையிலுள்ள கித்துல்கலவில் ஒரு காட்சியைக் கண்டான். டேவிட் லீன் என்ற ஆங்கிலேயர், 1957-இல் வெளியான 'க்வாய் நதிப் பாலம்' படத்தை அங்கே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் "மழை!" என்று கூவினாராம், உடனே மழை கொட்டியதாம். குழாய் வைத்துப் பெய்த மழைதான். ஆனால் பையனுக்கு அன்று பிடித்த பைத்தியம் தெளியவே இல்லை. கொழும்பிலே சர்க்கார் உத்தியோகம், அதுவும் வின்ஸெண்டைப் போலவே படம் வரையும் உத்தியோகம் பார்த்தான். அதை விட்டுவிட்டு, 1966-இல் புனாக் கலாசாலையில் சேர்ந்தான். கிடைத்தது ஒளிப்பதிவுப் பிரிவு. 1969-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தான். அந்தப் பையனைத்தான் தமிழர்கள் பாலு மகேந்திரா என்று அறிவார்கள். 'மூன்றாம் பிறை'யில் அவர் பிடித்த வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு அது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை. 2014-இல் காலமாவதற்கு முன்னால், தாமே ஒரு சினிமாப் பட்டறை வைத்து இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

கதவணைப் பக்கம் லஸ்கர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அணையின் மதகுகளையும் நீர் மட்டத்தையும் கவனிக்கும் ஊழியரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். "ஐயா, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று மருமகள் கேட்டாள். அவ்வளவுதான், அவர் எழுந்து, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, காலமாகிப் போனவர்களின் படத்தில் நிற்பதுபோல் விறைத்து நின்றார். அவள் காமிராவைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் இங்கே வர எவ்வளவு நேரமாகும், ராத்திரி எப்படித் தெரியும் என்றெல்லாம்.

"கண்ணால பாக்கணுமாம்மா? சத்தத்திலேயே தெரியும். தண்ணி ஏறினா சத்தம் தடிச்சுடும்" என்றார் அவர்.

ஒரு மணி நேரம் சென்றது. எனக்குக் கால் கடுத்தது. சூரியன் மேற்கே காவேரி வரும் வழியிலே இறங்கிக்கொண்டிருந்தான். லஸ்கர் படத்தை மறந்தே போனார். எதையோ கவனிப்பதுபோல் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மதகின் பக்கம் காதைக் கொடுத்தார். அந்தச் சமயத்தில் ஒரே ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் கேட்டது. காமிராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போகலாம் மாமா" என்றாள் அவள்.

படத்தை எனக்குக் காட்டினாள். தண்ணீர் அதில் ஒரு துளி கூட இல்லை. பின்னால் வெள்ளை மணல்; முன்னால் அந்த மனிதரின் காது, கன்னத்து எலும்பு, அதன்மேல் ஒரு கீற்று வெயில். ஆனாலும் தண்ணீர் வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.

ஜீயபுரத்தில் தேநீர் குடிக்க இறங்கினபோது சகோதரியைக் கைப்பேசியில் கூப்பிட்டு, "விண்ணப்பத்துக்குப் பணம் கட்டச் சொல்லிவிட்டேன்" என்றேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. போய்விட்டாளோ என்று நினைத்தேன்.

"புனாவிலே மார்கழியிலே குளிர் அதிகமாமே?" என்றாள்.

"பரீக்ஷையே இன்னும் எழுதவில்லையே" என்றேன்.

"அதற்குக் கேட்கவில்லை. கம்பளி இங்கேயே வாங்கினால் விலை குறைச்சல்" என்றாள் என் சகோதரி.