லூ ஆற்றின் மேலோர் ஊர்

உரோமையினின்று திரும்பும் வழியில், சென்ற ஆண்டு ஜூன் திங்களில், தென் பிரான்சின் நீஸ் நகரில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. அங்குப் பங்குப்பணியாற்றும் குரு நண்பர் நம்மை வான்ஸ் என்னும் மலையூருக்கு அழைத்துச் சென்றார். ஓவியர் மத்தீஸ் தம் முதுமையில் தொமினிக்கன் கன்னியருக்காக அமைத்துத் தந்த செபமாலைச் சிற்றாலயம் அங்குள்ளது, 1951-இல் அர்ச்சிக்கப்பட்டது. கண்டோம், மகிழ்ந்தோம். ஆயினும் நம் மனம் நாடியது வேறோர் இடம். செலெஸ்தேன் ஃபிரேனே என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் நடந்த தெருக்களைக் காண வேண்டுமென்ற ஆவல், பங்குப் பள்ளிகளோடு வாழ்நாளைக் கழித்துவிட்ட நமக்கு நெடுநாளாய் உண்டு. அவரோ பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தவர். "குருக்கள் இருவர் தம் பள்ளியைத் தேடி வருவதைக் கண்டால் அம்மனிதர் சிரிப்பார்" என்று நண்பர் நகைத்தார். எனினும் காரை மேற்கே திருப்பினார்.

லெ பார் சூர் லூ, லூ ஆற்றுப் பள்ளத்தாக்கின்மேல் பாறையை ஒட்டிக்கொண்டு நிற்கும் சிற்றூர். கீழே படிப்படியான கல்வரப்புகளில் கசப்பு ஆரஞ்சு மரங்கள். அவற்றின் பூவைப் பறித்து, கிராஸ் நகரத்து வாசனைத் திரவியத் தொழிலுக்கு அனுப்பியே முன்னாளில் பலர் பிழைத்தனர். ஊராலயத்தில் 15-ஆம் நூற்றாண்டு ஓவியமொன்று உள்ளது: ஆடிக் களிப்போர்மீது மரணம் அம்பெய்கிறது. தவக்காலப் பிரசங்கம் அனைத்தும் அந்த ஒரு பலகையில் அடங்கிவிட்டது!

1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 23 வயது இளைஞராய் ஃபிரேனே இவ்வூருக்கு வந்தார். 1917-இல் போர்க்களத்தில் குண்டு பாய்ந்து நுரையீரல் புண்பட்டவர். உரத்துப் பேசினால் மூச்சு வாங்கும். நாள் முழுதும் நின்று பாடஞ்சொல்ல இயலாத ஆசிரியர் என் செய்வார்? பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். கொல்லர் பட்டறை, தச்சர் கூடம், நெசவாளர் தறி இவையே பாடமாயின. திரும்பி வந்து, கண்டதைக் கரும்பலகையில் சேர்ந்து எழுதினர்.

கோடை விடுமுறையில் பிறர் ஓய்வெடுக்க, இவர் மூட்டை கட்டினார். 1922-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துப் புதுப் பள்ளிகளைப் பார்த்தார். 1923-இல் சுவிட்சர்லாந்தின் மோந்திரோ நகரில் கூடிய புதுமைக் கல்வி மாநாட்டில் அமர்ந்து, அக்காலத்துக் கல்வி வல்லுநர்களின் உரைகளைக் கேட்டார். 1925-இல் ஆசிரியர் குழுவொன்றுடன் சோவியத் நாடு சென்று, லெனினின் மனைவி குரூப்ஸ்காயாவைச் சந்தித்தார்.

இப்பயணங்களினால் பெற்றது யாது? மோந்திரோவினின்று அவர் திரும்பியது ஒருவகை ஏக்கத்துடனேயே. அங்குக் கேட்டவை உயர்ந்தவை. ஆனால் பொருள் வசதியும் குறைந்த மாணவர் தொகையும் கொண்ட பள்ளிகளுக்கே அவை பொருந்தும். இவர் வகுப்பிலோ நெருக்கமும் தூசியும் ஏழைப் பிள்ளைகளும். கொண்டுவந்த சரக்கு இவ்வூர்ச் சந்தையில் விலைபோகாதென்று கண்டபின்னரே, தம் கைக்கெட்டிய கருவியைத் தேடினார். சிறியதோர் அச்சுப்பொறியை வாங்கி வகுப்பறையில் வைத்தார்.

அதன் பின் நிகழ்ந்ததே நம்மை ஈர்த்தது. காலையில் ஒரு சிறுவன் நத்தைகளைக் கொண்டுவருவான். மேசைமேல் பந்தயம் நடக்கும். எது முந்துமென்று வகுப்பே கூச்சலிடும். உடனே அது பாடமாகும். சிறுவர் கூறும் வாக்கியங்களைக் கூடித் திருத்துவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாய்ப் பொறுக்கி வரிசைப்படுத்தி, மை தடவி, தாளை எடுப்பர். ஓர் எழுத்து பிழைத்தால் அத்தனைத் தாளிலும் பிழைக்குமாதலால், எழுத்திலக்கணம் தானாகவே படியும். அச்சிட்ட தாள்கள் சேர்ந்து பிள்ளைகளின் வாழ்க்கை நூலாயின. பிரித்தானிக் கரையிலுள்ள திரேகுங் ஊர்ப் பள்ளியோடு அவற்றை மாற்றிக்கொண்டனர். மலைச் சிறுவர் கடற்கரைச் சிறுவரின் அன்றாட வாழ்வைப் பாடமாய்ப் படித்தனர்.

இடர்களும் வந்தன. 1928-இல் சேன்போல் என்னும் அடுத்த ஊருக்கு மாற்றலானார். பிள்ளை ஒருவன் தன் கனவில் ஊர்த்தலைவரைக் கொன்றதாய் எழுதியதை அச்சிட்டது பெருங்குற்றமாயிற்று. சுவரொட்டிகள் தோன்றின, 1933-இல் கூட்டம் பள்ளியை முற்றுகையிட்டது. அரசுப் பள்ளியை விட்டு வெளியேறி, 1935-இல் வான்ஸில் சொந்தப் பள்ளியைத் திறந்தார். எசுப்பானியப் போரினால் அகதிகளான பிள்ளைகளும் அங்கு அடைக்கலம் பெற்றனர். 1966-இல் அவர் காலமானார். 1991-இல் பள்ளியை அரசு ஏற்றது.

லெ பாரின் படிக்கட்டுத் தெருவில் இறங்கியபோது நமக்கு வேறொன்று நினைவில் உறுத்திற்று. பல்லாண்டுகட்கு முன், நமது பங்குப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் மூன்றாம் வகுப்பினரைக் குயவர் தெருவுக்கு அழைத்துச் சென்றார். திரும்பியபோது சீருடையெல்லாம் களிமண். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அகல்விளக்கு. "பாடநேரத்தில் ஊர்சுற்றலா, டீச்சர்?" என்று, தாளாளராயிருந்த நாம் பிள்ளைகள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். "மன்னியுங்கள், சாமி" என்றார், வேறு சொல்லவில்லை. அதன்பின் அவர் பிள்ளைகளை எங்கும் அழைத்துச் செல்லவுமில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம் அவர் இல்லத்திற்குச் சென்றோம். ஓய்வுபெற்று ஒன்பதாண்டுகள் ஆகின்றன. அந்த நாளைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கூறினோம். அம்மையார் எழுந்து உள்ளே போனார். மாதா சுரூபத்தின் முன் எரிந்துகொண்டிருந்த விளக்கொன்றை எடுத்துவந்து காட்டினார். சற்றுக் கோணலாயிருந்தது, விளிம்பில் ஒரு சிறுவிரலின் தடம்.