பாய்ப்பலகையும் துடுப்புப் பலகையும்

கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்தும் கடலை நூல்களிலே மட்டும் கண்டு வளர்வோர் நம்முட் பலர். நெய்தற்றிணையின் கருப்பொருள்களைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவன் முழங்காலளவு நீரில் இறங்க அஞ்சுதல் உண்டு. ஆதலின், அயனமண்டலத் தீவுகளில் இளைஞர் பயிலும் இரு நீர்விளையாட்டுக்களைப் பற்றி இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

முதலாவது, நீண்ட பலகையின்மேல் நின்று ஒற்றைத் துடுப்பால் வலித்துச் செல்லுதல். ஹவாயின் வைக்கீக்கிக் கரையில் அலைச்சறுக்குக் கற்பித்தோர் சிலர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்ஙனம் சென்றனர். 2000 ஆம் ஆண்டின் பின்னரே அஃது உலகெங்கும் பரவிற்று. நம் மீனவர்க்கு இதில் வியப்பில்லை. கட்டுமரத்தில் முழந்தாளிட்டும் நின்றும் துடுப்பு வலித்தோர் அவர். அக்கட்டுமரம் என்னும் சொல்லே ஆங்கிலத்துட் புகுந்து, இன்று இரட்டை உடலுடைய படகைக் குறிக்கின்றது. சொல் கப்பலேறிப் போய்ப் பொருளை மாற்றிக்கொண்டது!

இரண்டாவது பாய்ப்பலகை. இதற்குச் சுக்கான் இல்லை. பாய்மரம் எப்பக்கமும் சாயத்தக்க மூட்டினாற் பலகையிற் பொருத்தப்பட்டிருக்கும். அதை முன்னே சாய்த்தாற் பலகை காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தாற் காற்றை நோக்கித் திரும்பும். செலுத்துவோனின் உடலே சுக்கான் எனலாம். கற்போர்க்கு உரியது ஏறக்குறைய 12 அடி நீளமுள்ள நெடும்பலகையே. அது மென்காற்றிலும் நகரும். நின்றவிடத்திலும் ஆளைத் தாங்கும். நடுவே நீருள் இறங்கும் தகடு பக்கவாட்டில் வழுக்காது காக்கும். குறும்பலகையோ விரைவு குன்றியதும் அமிழ்ந்துவிடும். விரைவை விரும்பும் இளைஞர் குறும்பலகையையே முதலில் நாடுவர். அது வீண் முயற்சி.

இதனை ஆக்கியோர் யார் என்ற வழக்கு மாணவர் அறியத்தக்கது. 1968 இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜிம் டிரேக், ஹோயில் சுவைற்சர் ஆகிய இருவரும் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தனர். ஆயின் 1958 இலேயே, 12 வயதுச் சிறுவனாகிய பீற்றர் சில்வேர்ஸ் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் தானே செய்த பாய்ப்பலகையில் விளையாடியிருந்தான். 1985 இல் ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் அச்சிறுவனின் பலகையையும் சான்றாகக் கொண்டு, அந்நாட்டில் அவ்வுரிமை செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஹவாயில் வளர்ந்த றொபி நெயிஷ் 1976 இல் பஹாமாஸ் தீவுகளில் உலகப் போட்டியை வென்றபோது அவருக்கு வயது 13. நம் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவரின் வயது! 1984 இல் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

பழைய மாணவர் சங்கத்தினர் பலகைகளை வாங்குமுன் நீச்சற் பயிற்சிக்கு வழிசெய்தல் வேண்டும் என்பது என் துணிபு. நீந்தத் தெரியாதவன் கையிற் பலகை கொடுத்தல் தகாது. காற்றின் இயல்பையும் முன்னரே கற்பிக்க வேண்டும். திருகோணமலைப் பக்கத்தில் ஆண்டின் நடுமாதங்களில் வீசும் கச்சான் கரையிலிருந்து கடல்நோக்கிச் செல்வது; கரையோர நீரை அமைதியாகக் காட்டி, ஆளை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும். அந்நேரம் பாயைக் கைவிட்டு, பலகையிற் குப்புறப் படுத்துக் கைகளால் வலித்துக் கரைசேர முயலலாம். முடியாதாயின் கையசைத்து உதவி கேட்கலாம். பலகையை விட்டுவிட்டு நீந்துதல் மட்டும் கூடாது.